பூனைக்கண் மீன்

வானிலை சொல்கிறவர் வாயைத் திறப்பதற்கு முன்பே, நாளைக்குப் பனி விழும் என்று முழங்கால் சொல்லிவிடுகிறதே, அந்த வயதுக்காரர்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். மற்றவர்கள் கேட்டால் கேட்கட்டும். சின்னப் பிள்ளைகளுக்கு என் பேச்சு ரொம்ப மெதுவாம். தலையை ஆட்டிக்கொண்டே கையிலிருக்கிற போனைப் பார்ப்பார்கள். உங்களுக்கும் எனக்கும் ஓடிப்போய்ப் பிடிக்க வேண்டிய பஸ் ஒன்றும் இல்லை.

எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூரில் சின்ன வகுப்பில் படித்த தமிழ்தான் என் தமிழ். லண்டனுக்கு வந்த பிறகு பள்ளிக்கூடம் என்னை விட்டதா, நான் பள்ளிக்கூடத்தை விட்டேனா என்பது இன்னும் தீராத வழக்கு. ஆனால் என்னிடம் ஒரு பெருமை இருக்கிறது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

போன வாரம் அப்டன் பார்க்கில் இறங்கி மீன் கடைக்குப் போனேன். இப்போது அங்கே இல்லாத மீன் இல்லை. விரால் வேண்டுமா, ஐஸ் கட்டியாகக் கிடக்கிறது. கொடுவா வேண்டுமா, வாயைப் பிளந்துகொண்டு வரிசையாகப் படுத்திருக்கிறது. ஒரு கொடுவாவின் கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றேன். கடைப் பையன், "அங்கிள், காலையிலதான் வந்துச்சு. கண்ணைப் பாருங்க" என்றான்.

"கண்ணைத்தான்டா பாக்குறேன்" என்றேன்.

அவனுக்கு எங்கே தெரியப்போகிறது, அதே கண்ணுள்ள வேறொரு மீனை, இதே கிழக்கு லண்டனில், விரல் விறைக்கிற குளிரில் கரையில் நின்று நான் பிடித்திருக்கிறேன் என்று.

அப்பா சிங்கப்பூரில் வெள்ளைக்காரனின் கப்பல் தளத்தில் ஃபிட்டராக இருந்தவர். தளத்தை மூடப் போகிறார்கள் என்றதும், கூட வேலை பார்த்த பலரைப் போல அவரும் இங்கே வந்துவிட்டார். அம்மாவும் நானும் பின்னால் வந்தோம். வரிசை வீடுகளில் ஒன்று எங்களுடையது. மேலே படுக்கை அறைகள், கீழே முன்னறையும் சமையலறையும், கொல்லைப்புறத்தில் கக்கூஸ். ஜன்னல் கண்ணாடியின் உள்பக்கமே உறைபனி படிந்து, காலையில் நகத்தால் கீறிப் படம் வரையலாம். மண்ணெண்ணெய் ஹீட்டரின் வாசனை உங்களுக்கு நினைவிருக்கிறதா? எனக்கு இன்றைக்கும் எங்காவது அந்த வாசனை வந்தால், முதுகு சூடாகவும் முன்பக்கம் குளிராகவும் இருப்பது போலத் தோன்றும்.

எங்களுடைய இரண்டாவது குளிர்காலத்தில் தங்கை பிறந்தாள். ஆபரேஷன் செய்துதான் எடுத்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின மாதம் அம்மா ஒரு பழைய ஸ்வெட்டரைப் பிரித்து எனக்கு ஒரு ஜோடி சிவப்புக் கையுறை பின்னிக் கொடுத்திருந்தாள். இடதுகைக் கட்டைவிரல் கொஞ்சம் நீளமாகப் போய்விட்டது. "வளருவ இல்ல, அப்ப சரியா இருக்கும்" என்றாள். ஒரு விரல் மட்டும் எப்படி வளரும் என்று கேட்டு அவளைச் சிரிக்க வைத்தேன். அதுதான் அந்த வருஷத்தில் அவள் கடைசியாகச் சிரித்தது.

பிள்ளையோடு வீட்டுக்கு வந்தவள் மேலே போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். படுத்தவள் படுத்தவள்தான். பிள்ளை அழும். அம்மா திரும்ப மாட்டாள். தட்டு போனபடியே கீழே வரும். பேச்சு கிடையாது. கூப்பிட்டால் கண் நம் பக்கம் வரும், ஆனால் நம்மைப் பார்க்காது.

அப்பா, "குளிர் பழகல. பழகிடும்" என்று சொல்லி இரண்டாவது ஹீட்டர் ஒன்று வாங்கி வைத்தார். இப்போது அந்த நோய்க்கு ஒரு பெயர் இருக்கிறது. பேத்தி பிறந்தபோது என் மருமகளிடம் முதல் வாரமே நர்ஸ் கேட்டாள், மனசு எப்படி இருக்கிறது என்று. நான் எழுந்து வெளியே போய் நின்றுகொண்டேன். எங்கள் வீட்டில் அன்றைக்கு ஒருவரும் அம்மாவிடம் அதைக் கேட்கவில்லை. அப்பா ஹீட்டரை நம்பினார். அத்தை மீனை நம்பினாள்.

அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பாவுக்கு மூத்தவள், பிள்ளை குட்டி இல்லாதவள். பிள்ளைப்பேறு பார்ப்பதற்காகச் சிங்கப்பூரிலிருந்து விமானத்தில் வந்திறங்கியவள். ஜோகூர்க் கடலோரத்தில் மீனும் இறாலும் பிடித்தே வளர்ந்த கை. வந்த அன்றைக்கே சமையலறையில் நின்று அப்பாவைப் பிடித்துக்கொண்டாள்.

"வயித்தைக் கிழிச்சவளுக்கு ரொட்டியும் ஜாமும் குடுத்தா எப்படிடா எந்திரிப்பா? விரால் சாறு உள்ள போனாத்தான் புண்ணு ஆறும், பால் ஊறும், மனுசிக்கு உசுரு வரும்."

"அக்கா, இது லண்டன். விரால் கிடைக்காது."

"மீனு கிடைக்காத ஊருல எதுக்குடா குடியிருக்க?"

நம்மவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சிங்கப்பூரில் பிள்ளை பெற்றவளுக்கும் ஆபரேஷன் செய்துகொண்டவருக்கும் விரால்தான் மருந்து. அதுவும் உயிரோடு வாங்கி வந்து, அடுப்பு பற்றவைத்த பிறகுதான் வெட்ட வேண்டும். செத்த மீன் வெறும் மீன். உயிருள்ள மீன்தான் மருந்து.

என்னைக் கூட்டிக்கொண்டு மார்க்கெட்டுக்குக் கிளம்பினாள். அவள் வாயில் அது 'பசார்'. மீன் கடையில் வெள்ளை வெள்ளையாகத் துண்டங்கள் கிடந்தன. "தலை எங்கடா? தலை இல்லாத மீனு எப்பச் செத்துச்சுன்னு யாரைக் கேக்குறது?" என்றாள். கடைக்காரர் நல்ல மனுஷர். உயிரோடு வேண்டும் என்று நான் சொன்னதும், பின்னாலிருந்து ஒரு தட்டைத் தூக்கிக் காட்டினார். தட்டு நிறைய விலாங்கு, ஒன்றின் மேல் ஒன்று நெளிந்துகொண்டு. அத்தை ரெண்டடி பின்னால் போனாள்.

"அலாமாக்! பாம்பு மாதிரி இருக்கு. சூடுடா அது, பெத்தவளுக்கு ஆகவே ஆகாது. உசுரோட விக்கிறதும் விக்கிறான், இந்த ஒண்ணைத்தானா விக்கணும்?"

அத்தை என்ன சொன்னாள் என்று கடைக்காரர் கேட்டார். நாளைக்கு வருகிறாளாம் என்று சொல்லி வைத்தேன்.

வியாழக்கிழமை என்று நினைக்கிறேன், சைக்கிளில் வீடு வீடாகப் போகிற நர்ஸம்மா வந்தாள். நல்லவள்தான், குரலை உயர்த்த மாட்டாள். மாடியிலிருந்து இறங்கி வந்து, படிக்கட்டின் அடியில் நின்று அப்பாவிடம் பேசினாள். நான் கதவுக்குப் பின்னால் இருந்தேன். திங்கட்கிழமை வரை பார்க்கலாம். அதற்குள் அம்மா சாப்பிடவும் பிள்ளையைத் தூக்கவும் ஆரம்பிக்காவிட்டால், அம்மாவை மனநோய் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். பிள்ளையை அதுவரை வேறு குடும்பம் ஒன்று பார்த்துக்கொள்ளும். அப்பா, "எஸ் சிஸ்டர், எஸ் சிஸ்டர்" என்றார். அவள் போன பிறகு சமையலறைக்கு வந்து, ஏற்கெனவே பளபளத்த தன் ஷூவை எடுத்து மறுபடியும் பாலிஷ் போட்டார். ரொம்ப நேரம் போட்டார்.

இனி ஏரிக்கு வருகிறேன்.

பள்ளிக்கூடத்தில் என்னைப் பின் வரிசையில் உட்காரவைத்து ஒரு பெட்டி வண்ணப் பென்சில் கொடுத்துவிடுவார்கள். எத்தனை நாளைக்குத்தான் வாழைப்பழம் வரைவது? அதனால் பாதி நாள் நான் பஸ் பிடித்து ஊர் முடிகிற இடத்துக்குப் போய்விடுவேன். சரளை தோண்டின பள்ளத்தில் தண்ணீர் நின்று அங்கே ஒரு ஏரி இருந்தது. மீன் பிடிக்கிற சங்கம் ஒன்று அதை எடுத்து வைத்திருந்தது. ஆண்கள் குடையும் நாற்காலியுமாக உட்கார்ந்து தூண்டில் போடுவார்கள். பிடித்த மீனை எடை போட்டு, முத்தம் கொடுக்காத குறையாகத் தண்ணீரில் விட்டுவிடுவார்கள். அத்தையிடம் இதைச் சொன்னபோது நம்பவில்லை.

"பிடிச்சிட்டு விட்டுருவானா? எதுக்கு?"

"விளையாட்டு அத்தை."

"யாருக்கு, மீனுக்கா?"

ஆனால் ஒரே ஒரு மீனை மட்டும் விட மாட்டார்கள். யாரோ எங்கிருந்தோ பக்கெட்டில் கொண்டுவந்து ரகசியமாக விட்ட மீன் அது. உடம்பு பச்சையும் பொன்னுமாக, முதுகில் முள் விசிறி, முன்வாயில் நாய்ப்பல். கண் மட்டும் கண்ணாடி மாதிரி, மங்கின வெளிச்சத்தில் பூனைக்கண் போல மினுங்கும். அதன் பெயர் ஜாண்டர் என்று பிற்பாடுதான் தெரிந்தது. குஞ்சு மீனையெல்லாம் தின்று ஏரியைக் காலி செய்கிறது என்று அவர்களுக்கு அதன் மேல் அவ்வளவு கோபம். தலையில் ஒரு போடு போட்டு, நரி தின்னட்டும் என்று புதரில் எறிவார்கள்.

வெள்ளிக்கிழமை அந்தப் புதரிலிருந்து ஒன்றை எடுத்துக் கோட்டுக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். விறகு மாதிரி விறைத்திருந்தது. அத்தை அதைப் பல்புக்கு நேரே பிடித்தாள். கண்ணைப் பார்த்தாள், முள்ளைத் தடவினாள், செவுளைத் தூக்கினாள்.

"டேய், இது கொடுவாடா! கண்ணைப் பாரு. குளிருல எளச்சுப்போன கொடுவா. விரால் இல்லாட்டி கொடுவா போதும், சாமி கண்ணைத் தொறந்துட்டார். எங்க புடிச்ச?"

அது கொடுவாவே இல்லை. இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று இப்போது எனக்குத் தெரியும். ஆனால் எந்தச் சிங்கப்பூர்க்காரி பார்த்திருந்தாலும் அந்தக் கண்ணுக்கு அதே பெயரைத்தான் சொல்லியிருப்பாள்.

"இது செத்தது, ஆகாது. உசுரோட ஒண்ணு வேணும்" என்றாள்.

அப்பாவுக்கு விஷயம் தெரிந்ததும் பயந்துவிட்டார். "அக்கா, இங்க எல்லாத்துக்கும் டிக்கெட் வேணும். போலீசைக் கூப்பிட்டா? நர்ஸுக்குத் தெரிஞ்சா என்ன நினைப்பா? புடவையைக் கட்டிக்கிட்டு ஏரிக்கரையில..."

"புடவை மேல உன் கோட்டைப் போட்டுக்கிறேன். அப்ப யாரும் ஒண்ணும் நினைக்க மாட்டாங்க இல்ல?"

அப்பா போகக் கூடாது என்றார். சனிக்கிழமை சாயங்காலம் வரை அவருக்கு ஓவர்டைம். அவர் தெருமுனை திரும்பியதும் நாங்கள் கிளம்பிவிட்டோம். பக்கத்து வீட்டு ஐரிஷ்காரம்மா பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வந்து மாடியில் உட்கார்ந்தாள்.

அத்தையைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். நீலப் புடவை, அதற்கு மேல் கணுக்கால் வரை அப்பாவின் கறுப்புக் கோட்டு, தலையைச் சுற்றி மஃப்ளர், காலில் அப்பாவின் ரப்பர் பூட்ஸ். கையில் மூடி போட்ட பிளாஸ்டிக் பக்கெட். பஸ் கண்டக்டர் எழுந்து வழிவிட்டார். மரியாதையா பயமா, தெரியாது.

ஏரியில் கரையோரம் ஒரு முழத்துக்கு ஐஸ் பிடித்திருந்தது. அத்தை பக்கெட்டால் அதை ஓங்கி அடித்து உடைத்து, தண்ணீர் மொண்டு வைத்தாள். தூண்டில் கம்பெல்லாம் எங்களிடம் கிடையாது. மைலோ டின்னில் சுற்றிய நூல், அப்பாவின் பெட்டியிலிருந்து எடுத்த இரும்பு நட்டு, நட்டின் ஓட்டை வழியாக நூல் தாராளமாக ஓடும்படி ஒரு முடிச்சு, கொக்கியில் பசாரில் வாங்கிய சின்னச் சாளை மாதிரி ஒரு மீன். ஜோகூர்க் கடலோரத்து வழக்கம் அது.

ஆனால் அத்தையின் விரல் அத்தையின் பேச்சைக் கேட்கவில்லை. கையை நீட்டினாள், நீலம் பாரித்துப் போயிருந்தது. நூலைப் பிடித்தால் பிடித்தது தெரியவில்லை. முதல் தடவையாக அவள் முகத்தில் பயத்தைப் பார்த்தேன்.

"எனக்கு ஒண்ணும் தெரிய மாட்டேங்குதுடா. நீ புடி."

கையுறையோடு பிடித்தால் நூல் பேசாது. கழற்றிப் பாக்கெட்டில் வைத்துவிட்டு வெறும் விரலில் நூலைத் தொங்கவிட்டேன்.

அக்கம்பக்கத்தில் சங்கத்துக்காரர்கள் கம்பும் மணியுமாக உட்கார்ந்திருந்தார்கள். மணி அடித்தால் மீன் கடிக்கிறது என்று அர்த்தம். அந்த மீன் மணி அடிக்க விடாது. லேசாகக் கனம் தட்டினாலும் இரையைத் துப்பிவிட்டுப் போய்விடும். அது எனக்கு அப்போது தெரியாது, விரலுக்குத்தான் தெரிந்தது. முதலில் குத்தின குளிர் பிறகு எரிந்தது, அப்புறம் விரல் ஒன்றுமில்லாமல் போகப் போகிற நேரத்தில் வாயில் வைத்துச் சூடாக்கி மறுபடி நூலில் வைப்பேன். நூலில் தண்ணீர் முத்து முத்தாக உறைந்து நின்றது. அத்தை என் முதுகோடு ஒட்டி நின்று கோட்டால் என்னை மூடிக்கொண்டாள். நாப்தலின் உருண்டை வாசனை.

வெளிச்சம் மங்கத் தொடங்கிய நேரம். அது இழுப்பு இல்லை. நூலின் மறுமுனையில் யாரோ யோசிப்பது போல இருந்தது. நூலை விட்டுக் கொடுத்தேன். ஓடியது. இன்னும் கொடுத்தேன். நின்றது. திரும்ப ஓடத் தொடங்கியதும் பிடித்து இழுத்தேன் பாருங்கள், நூல் விரலை அறுத்தது. அந்தத் தழும்பு இப்போதும் இருக்கிறது, கேட்டவர்களுக்கெல்லாம் காட்டுவேன், கேட்காதவர்களுக்கும் காட்டுவேன். அத்தை என் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "விடாத ராசா, விடாத" என்று கத்தினாள். ஐஸைக் கிழித்துக்கொண்டு புல்லுக்கு வந்து விழுந்தது. முழங்கையிலிருந்து விரல்நுனி வரைக்கும் நீளம். பூனைக்கண் எங்கள் இருவரையும் பார்த்தது.

பக்கெட்டில் போட்டு மூடியை அழுத்தின கையோடு ஏரிக்காரர் வந்து நின்றார். சங்கம் வைத்திருந்த காவல்காரர். பெரிய உடம்பு, சிவந்த மூக்கு. என்னைப் பலமுறை விரட்டியவர். டிக்கெட் எங்கே என்று ஆரம்பித்தவர், மூடியைத் தூக்கிப் பார்த்ததும் நிறுத்திவிட்டார். எதில் பிடித்தாய் என்றார். மைலோ டின்னைக் காட்டினேன். டின்னைப் பார்த்தார், மணிகளோடு உட்கார்ந்திருந்த தன் ஆட்களைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் இன்றைக்கும் யாருக்கும் விற்க மாட்டேன்.

பிறகு கோட்டுப் பையிலிருந்து ஒரு சின்னக் கட்டையை எடுத்தார்.

"என்னடா சொல்றார்?"

"தலையில அடிக்கணுமாம் அத்தை. உயிரோட வெளிய போகக் கூடாதாம்."

"நான் என்ன வளக்கவா கொண்டு போறேன்? திங்கத்தான்னு சொல்லு."

"சொல்லிட்டேன். எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்களாம், அப்புறம் வேற குளத்துல விட்டுருவாங்களாம்."

"செத்தது நோயாளிக்கு ஆகாதுன்னு சொல்லு. முதல்ல என் தலையில அடிச்சிட்டு அப்புறம் அதை அடிக்கச் சொல்லு!"

அத்தை பக்கெட்டின் மேல் உட்கார்ந்துவிட்டாள். பத்தியத்துக்கு இங்கிலீஷில் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியாது. வாயில் வந்ததைச் சொன்னேன். "என் அம்மா சாகப் போகிறாள். இந்த மீன் உயிரோடு வர வேண்டும்." அம்மா சாகப் போகிறாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. அழுதுவிட்டேன்.

ஏரிக்காரர் கட்டையைப் பையில் வைத்தார். சரி, அது சாகிற வரை நானும் கூட வருகிறேன் என்றார்.

அவருடைய வேனில் முன்பக்கம் மூன்று பேர், கால்களுக்கு நடுவில் பக்கெட். பாதி வழியில் என் கால் நனைந்தது. ஐஸை அடித்த அடியில் பக்கெட் விரிசல் விட்டிருந்தது. மீன் பக்கவாட்டில் சாய ஆரம்பித்தது. நான் பாக்கெட்டிலிருந்து இடது கையுறையை எடுத்து, அந்த நீளக் கட்டைவிரலை விரிசலில் திணித்து அழுத்திப் பிடித்துக்கொண்டேன். வளர்ந்தால் சரியாக இருக்கும் என்றாள் அம்மா. வளராமலே சரியாக இருந்தது. வலது கையுறை எங்கே விழுந்ததோ தெரியாது.

வீட்டில் அத்தை அடுப்பைப் பற்றவைத்தாள். மிளகு, சீரகம், பூண்டு தட்டினாள். தண்ணீர் கொதித்தது. ஏரிக்காரர் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அத்தை மூடியைத் திறந்தாள். மீன் ஒரு துள்ளு துள்ளித் தரையில் விழுந்து, வழுக்கிக்கொண்டு அடுப்புக்கு அடியில் போனது. "புடிடா!" என்று அத்தை குனிந்தாள், ஏரிக்காரர் மண்டியிட்டார், நான் துடைப்பத்தை அடியில் விட்டுத் துழாவினேன், அலமாரியிலிருந்து தட்டெல்லாம் சரிந்து விழுந்தது. மீன் வெளியே வந்து ஏரிக்காரரின் கைக்கும் அத்தையின் கத்திக்கும் நடுவில் ஒருவழியாக அடங்கியபோது, சமையலறை வாசலில் அப்பா நின்றுகொண்டிருந்தார். தொப்பியைக் கூடக் கழற்றவில்லை. தரையில் மண்டியிட்டிருந்த வெள்ளைக்காரரைப் பார்த்துவிட்டு அப்பா பேச வாயெடுத்தார்.

அவருக்குப் பின்னால் மாடிப்படியில் சத்தம்.

அம்மா இறங்கி வந்தாள், சுவரைப் பிடித்துக்கொண்டு. அவள் பின்னால் பிள்ளையோடு ஐரிஷ்காரம்மா. அம்மா யாரையும் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தாள். ரத்தமும் செதிலும் நீலமுமாக இருந்தது.

"கையுறை எங்கடா?"

எத்தனை நாள் கழித்துக் கேட்ட குரல்! கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன்.

"கேக்குறேன் இல்ல? கையுறை எங்க?"

"பக்கெட்டுல, அம்மா."

அம்மா பக்கெட்டைப் பார்த்தாள். அது என்ன பக்கெட் என்று நான் உங்களுக்கு இன்னும் சொல்லவில்லை. பிள்ளையின் நாப்பித் துணி ஊறப்போடுகிற பக்கெட்.

"என் புள்ளை நாப்பி ஊற வைக்கிற பக்கெட்டுலயா மீனைக் கொண்டாந்தீங்க? என் புள்ளைக்குச் சொறி சிரங்கு வந்தா யாரு பாக்குறது? இந்த வீட்டுல ஒருத்தருக்காவது அறிவு இருக்கா?"

என் புள்ளை! அப்பா அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்து தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டார். அம்மா திட்டிக்கொண்டேயிருந்தாள். அப்பாவைத் திட்டினாள், என்னைத் திட்டினாள், உடைந்த தட்டைத் திட்டினாள். ஏரிக்காரர் தன்னைத்தான் திட்டுகிறாள் என்று நினைத்து, சாரி மேடம், சாரி மேடம் என்று எழுந்து நின்றார். எங்கள் வீட்டில் அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு இனிமையான சத்தத்தை நான் கேட்டதில்லை.

அத்தைதான் கெட்டிக்காரி. சந்தோஷத்தைக் காட்டிக்கொள்ளவில்லை. திரும்பிப் பார்க்காமலே சாற்றைக் கிளறினாள். மீன் வெந்து வாசனை வந்ததும், "வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்கார். இந்த ஊரு உப்பு எனக்குப் பிடிபட மாட்டேங்குது. கொஞ்சம் பாத்துச் சொல்லு" என்று கரண்டியை நீட்டினாள்.

விருந்தாளிக்கு உப்புப் பார்க்காமல் பரிமாற முடியுமா? அம்மா உள்ளங்கையை நீட்டினாள். அத்தை ஊற்றினாள். அம்மா நக்கினாள். நாங்கள் எல்லோரும் அந்த உள்ளங்கையையே பார்த்தோம்.

"கொஞ்சம் பத்தல, அண்ணி."

அத்தை ஒரு சிட்டிகை போட்டாள். "இப்பப் பாரு." இந்தத் தடவை கரண்டி கொஞ்சம் நிறைய.

"இன்னும் வேணும்."

"இப்ப?"

"இன்னும் கொஞ்சம்."

"மீனோட சேத்துப் பாத்தாத்தானே தெரியும்? இந்தா, ஒரு துண்டு."

இப்படியே போட்டுப் போட்டு, பார்த்துப் பார்த்து, அம்மா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு கிண்ணம் சாறு அவள் உள்ளங்கை வழியாகவே உள்ளே போயிருக்கும். நடுவில் பிள்ளை சிணுங்கியது. அம்மா அந்தப் பக்கம் திரும்பாமலே இடது கையை நீட்டினாள், ஐரிஷ்காரம்மா பிள்ளையைக் கொடுத்தாள். வலது கை உப்புப் பார்த்துக்கொண்டிருந்தது.

பரிமாறினபோது சாறு கடல்தண்ணி. அப்பா இரண்டு தடவை வாங்கினார். ஏரிக்காரர் பைப்புத் தண்ணீரைக் குடித்துக் குடித்து, கண்ணில் நீர் வழிய, கிண்ணத்தைக் காலி செய்து, அருமை என்றார். போகும்போது அந்த ஓட்டைப் பக்கெட்டையும் கையுறையோடு தானே எறிந்துவிடுவதாக எடுத்துக்கொண்டு போனார். அந்தக் குளிர்காலம் முழுக்கச் சனிக்கிழமைகளில் செய்தித்தாளில் சுற்றின பூனைக்கண் மீன் எங்கள் வாசலில் இருந்தது. செத்ததுதான். அத்தை மருந்துக்கு ஆகாது என்று சொல்லி மிளகாய் போட்டுப் பொரித்துவிடுவாள்.

அம்மா மறுநாளே எழுந்து ஓடினாள் என்று சொன்னால் பொய். சுவர்ப் பக்கம் திரும்பின நாட்கள் அப்புறமும் இருந்தன. டாக்டர் மாத்திரையும் வேண்டியிருந்தது, வெயிலும் வேண்டியிருந்தது. ஆனால் திங்கட்கிழமை நர்ஸம்மா வந்தபோது, அம்மா சமையலறை நாற்காலியில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிள்ளை எங்கேயும் போகவில்லை. இப்போது குரோய்டனில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறாள். மீன் கதையை நான் ஆரம்பித்தால், "அண்ணா, ப்ளீஸ், நாட் அகெய்ன்" என்பாள். உன்னைப் போகவிடாமல் வைத்துக்கொண்ட கதையை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

யார் காப்பாற்றியது என்பதில் எங்கள் வீட்டில் கடைசிவரை சண்டை. அப்பா, ரெண்டாவது ஹீட்டர் என்பார். அத்தை, கொடுவா என்பாள். அம்மாவிடம் நான் ஒரே ஒரு தடவை கேட்டேன். அவளுக்கும் வயதாகிவிட்டிருந்தது, பக்கத்தில் அத்தை இல்லை, போய்ச் சேர்ந்துவிட்டாள். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள்.

"மொதத் தடவையே உப்பு சரியாத்தான்டா இருந்துச்சு."

"அப்புறம் ஏன் பத்தலைன்னு சொன்ன?"

"அண்ணி ஊத்திக்கிட்டே இருந்தா. இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமேன்னு இருந்துச்சு."

அவ்வளவுதான் சொன்னாள். அப்பாவும் அத்தையும் என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளட்டும். மீன் இல்லாமல் சாறு இல்லை, சாறு இல்லாமல் உப்பு இல்லை, அந்த மீனைப் பிடித்தவன் நான். மணி வைத்திருந்தவர்களுக்கு மணி அடிக்கவில்லை. எனக்கு விரல் சொன்னது.

இப்போது மருமகள் வைக்கிற மீன் குழம்பில் சில நாள் உப்பு கூடிவிடும். மகன் முகத்தைச் சுளிப்பான். நான் தட்டை நீட்டி, இன்னும் ஒரு கரண்டி ஊற்றச் சொல்வேன்.